ஏரித் தண்ணீர் ஒரு கேன்

சின்னவளே, நீ ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாய்: "சபையில எல்லாரும் கண்ண மூடிகினு ஜெபம் பண்றாங்க. நீ மட்டும் இன்னாப்பா ஜன்னலையே பாத்துகினு கீற?" உன் அக்கா சிரித்தாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் குழம்பு ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வராத விஷயம் அது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் அக்காவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்.

என் காதுக்குள் ஒரு சத்தம் இருக்கிறது. அக்கா பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. நான் வேலை செய்வது பிரஸ் ஷாப்பில் என்று உனக்குத் தெரியும். பெரிய மிஷின் மேலேயிருந்து இறங்கி ஒரே அடி அடிக்கும். தட்டையாகப் போன தகடு காரின் கதவாக வளைந்து வரும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதை அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுக்கிறார்கள், நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சத்தம் கால் வழியாக, எலும்பு வழியாக ஏறி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, குளித்து, படுத்த பிறகும் 'கொய்ங்' என்று ஒரு மெல்லிய இழுப்பு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகக் கேட்கும். கண்ணை மூடினால் இன்னும் பெரிதாகும். மற்றவர்களுக்குக் கண்ணை மூடினால் ஆண்டவர் வருகிறார். எனக்கு மிஷின் வருகிறது.

ஆனால் எனக்கும் ஒரு காலத்தில் ஜெபம் வந்தது. அது ஏரிக்கரையில்.

அப்போது நம் சபை சுங்குவார்சத்திரத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே, மாடியில் நடந்துகொண்டிருந்தது. பாட்டு நடுவிலேயே கீழே சாம்பார் தாளிக்கிற வாசனை வரும், பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சும். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, மாடியைத் தடுத்து கம்பெனிப் பையன்களுக்கு ரூம் விடப்போவதாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் போக இடமில்லை. நம் பாஸ்டர் அந்த நாட்களில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டே ஊழியம் செய்தவர். அவர்தான் சொன்னார், "இடம் கெடைக்கிற வரைக்கும் ஏரிக்கரைல உக்காரலாம். அங்க வாடகை கேக்க யாரும் வர மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் ஆராதனை வைத்தார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்துவிடலாம், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்து போகலாம். கலங்கல் பக்கத்தில், அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கல் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு புங்க மரம் நின்றது. அதன் அடியில் பாய் விரிப்போம். உன் அக்கா அப்போது கைக்குழந்தை. புங்கக் கிளையில் தூளி கட்டி அவளைப் போட்டுவிட்டு உன் அம்மா பாடுவாள்.

அதுவரை நான் சபைக்குப் போனது உன் அம்மாவைக் கொண்டுபோய் விடுவதற்காக. அவள் இந்தச் சபையில் வளர்ந்தவள். நான் வெளியிலிருந்து வந்தவன். பின்னால் உட்காருவேன், தூங்குவேன், பாட்டு முடிந்ததும் எழுந்து செருப்பைத் தேடுவேன். கரைக்கு வந்த பிறகும் பின்னால்தான் உட்கார்ந்தேன். என்னோடு பிரஸ் ஷாப் ஆட்கள் இன்னும் சிலர். அங்கே மைக் கிடையாது. காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தால் பாஸ்டர் சொல்வது ஒன்றும் பின்னால் வந்து சேராது. அதனால் முன்வரிசையில் இருந்த எங்கள் மிஷின் லைன் ஆள் ஒருவர், பாஸ்டர் பைபிளில் எந்த அதிகாரம் சொன்னாலும் தலைக்கு மேலே கையைத் தூக்கி விரலில் காட்டுவார். மிஷின் சத்தத்தில் நாங்கள் பேசிக்கொள்கிற வழக்கம் அதுதான். பின்னாலிருந்து நாங்களும் விரலைக் காட்டி, புரிந்தது என்போம். பாஸ்டர் முதல் தடவை பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"இன்னா பிரதர், பின்னாடி ஏலம் போட்டுகினு கீறீங்களா?"

"வசனம் கேக்குறோம் பாஸ்டர்."

"கையாலயா?"

"எங்களுக்குக் காது கையிலதான் கீது பாஸ்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பாஸ்டரே அதிகாரத்தை விரலில் காட்டப் பழகிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிறு, நைட் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தேன். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருந்தது. கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பனை ஓலை காற்றில் உரசுகிற சத்தம், நீர்க்காகம் இறக்கையை உதறுகிற சத்தம், தூளியில் உன் அக்கா முனகுகிற சத்தம். ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: 'கொய்ங்' இல்லை. இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். கலங்கல் சத்தம் அதன்மேல் போர்வை மாதிரி விழுந்து மூடியிருந்தது. தேடினாலும் அது அகப்படவில்லை. நான் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜெபம் என்றால் இதுதானா, இவ்வளவு நாளாக இதற்குத்தான் இவர்கள் கண்ணை மூடுகிறார்களா என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தூக்கம் கெட்டதால் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அந்த ஏரியில்தான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். விடியற்காலை வெளியே குளிர், தண்ணீருக்குள் வெதுவெதுப்பு. கால் விரல்களுக்கு நடுவில் சேறு பிதுங்கியது. பாஸ்டர் என்னைப் பின்னால் சாய்த்து முக்கினார். மேலே வந்ததும் நான் முதலில் கேட்டது ஒரு மீன்கொத்தியின் குரல். அது எனக்காகவே கத்தினதாக இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நமக்கு இடம் கிடைத்தது. புது லேஅவுட்டில் ஒரு மனை. லீவு நாளில் எல்லோரும் சேர்ந்து கல் சுமந்தோம், நானும் சுமந்தேன். சுவர் எழுந்தது, மேலே ஷீட் போட்டோம், மைக் வந்தது, பெரிய பெரிய ஸ்பீக்கர் வந்தது. நான் குறை சொல்லவில்லை. கரையில் மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். பெண்களுக்கு ஒதுங்க மறைவு கிடையாது. உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவாள், எனக்கு அது ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. புதுச் சபையில் முதல் நாள் அவள் எல்லோருக்கும் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றுகொண்டே குடித்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன். திரும்பவும் கரைக்குப் போகலாம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஷீட்டுக்குக் கீழே, நாலு சுவருக்குள், ஸ்பீக்கர் அலறி நின்றதும் என் காதுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் கரையின் பனை மரத் தலைகள் தெரியும். அதனால்தான் ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போவதும். உன் அம்மா ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி சொல்வாள், "வூட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போனா ஏரி எழுந்து ஓடியா போவுது?" ஓடாது. ஆனாலும் எனக்குப் பொறுக்காது.

போன வருஷம் உன் அக்கா ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று தானாகவே சொன்னாள். நான் நேராக பாஸ்டரிடம் போனேன். மேடைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். மேலே பலகை போட்டு மூடியிருக்கும், வேண்டும்போது எடுக்கலாம். டைல்ஸ் அவரவர் வீட்டில் மிஞ்சியது, ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை பச்சை, ஒரு மூலையில் பூப்போட்டது. அதை ஒட்டின பிரதர் அங்கேயேதான் உட்கார்ந்து இடுக்கில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், பொண்ணுக்கு ஏரியில குடுக்கலாமா?" என்றேன்.

டைல்ஸ் பிரதர் தலையைத் தூக்கினார். "முட்டி தேயத் தேய ஒட்டிகினு கீறேன். இவருக்கு ஏரிதான் ஓணுமாம்."

பாஸ்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் குடுத்தப்ப இருந்த ஏரியா பிரதர் அது? மண்ணு அள்ளி அள்ளி எங்க பள்ளம் கீது, எங்க மேடு கீதுன்னு யாருக்குத் தெரியும்? போன மழையில ஒரு மாடே உள்ள போயிடுச்சு. பொண்ண என் கையில குடுத்துட்டு நீங்க கரையில நிப்பீங்க. எனக்குக் கால் வழுக்குனா உங்க வூட்டு சிஸ்டருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

நான் அந்த வாரமே ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் எனக்குத் தெரியும், கலங்கலிலிருந்து கொஞ்சம் தள்ளி. முட்டி அளவில் நின்றுகொண்டு கழியை முன்னால் ஊன்றிப் பார்த்தேன். போய்க்கொண்டே இருந்தது. தரை தட்டவில்லை. இன்னொரு பக்கம் ஊன்றினேன். அங்கேயும் அப்படித்தான். பாஸ்டர் சொன்னது சரி. ஈர லுங்கியோடு கரையில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் கையில் கழியைப் பார்த்துவிட்டாள்.

"எங்கப்பா போன?"

"ஏரிக்கு. உனக்கு அங்க குடுக்கலாமான்னு பாத்தேன்."

"அய்ய, எனக்கு நீச்சல்கூட தெரியாதுப்பா. பயமா கீது. தொட்டியே போதும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "அது உன் இடம்பா. எனக்கு அங்க ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அவள் தூளியில் கிடந்த மரம் அது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான் தனியாகப் போய் உட்காருகிற இடம் என்பதைத் தவிர அவளுக்கு அந்த ஏரியில் என்ன இருக்கிறது? அன்றைக்குத்தான் என் ஆசை என்ன என்று எனக்கே சரியாகத் தெரிந்தது. அவள் எங்கே முங்கி எழுகிறாள் என்பது இல்லை. எனக்கு அங்கே கிடைத்தது இன்னதென்று என் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது தெரிய வேண்டும். சொல்லிக் காட்ட எனக்குப் பேச்சு போதாது, கொண்டுபோய்க் காட்ட ஏரியும் அப்படியே இல்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சபை மோட்டார் எரிந்துபோனது. தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. கிருமி இருக்கக்கூடாதென்று பாஸ்டர் அதில் பிளீச்சிங் பவுடர் வேறு போட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு கேன் தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று எல்லோருக்கும் போன் பண்ணினார். எனக்குப் பண்ணினபோது கேட்டேன்.

"பாஸ்டர், நான் ஏரித் தண்ணி ஒரு கேன் கொண்டாரட்டா?"

அவர் போனிலேயே சிரித்தார். "ஒரு கேன்ல யாரும் முங்கிப் போவ மாட்டாங்க. கொண்டாங்க. வடிகட்டிக் கொண்டாங்க."

ஞாயிறு விடிகிறபோது, தண்ணீர் வழிகிற கலங்கலில் இருந்தேன். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டைக் கேன் வாயில் கட்டி, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். கடைசியில் துணி ஒரு பக்கம் நழுவியது. இழுத்துக் கட்டினேன். கேன் நிறைந்ததும் மூடி போட்டு வண்டியில் வைத்துக் கயிறு கட்டினேன். புறப்பட மனம் வரவில்லை. இந்தத் தண்ணீராவது அவளிடம் ஏதாவது சொல்லட்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டேன். கரையில் ஆண்டவரிடம் நான் ஏதாவது கேட்டேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

சபையில் எல்லோரும் வரிசையில் நின்று கேனைக் கவிழ்த்தார்கள். என் கேன் கவிழ்ந்ததும் டைல்ஸ் பிரதர் எட்டிப் பார்த்தார். "இன்னா பிரதர் இது, டிக்காஷன் மாதிரி கீது? என் டைல்ஸ் கலரு மாறிடப் போவுது."

அதற்குப் பிறகு நடந்தது நீயும் பார்த்ததுதான். ஆனால் நீ எட்டிப் பார்த்துக்கொண்டே பெஞ்சிலிருந்து விழுந்ததால் பாதியை விட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். வெள்ளைச் சுடிதாரில் அக்கா தொட்டிக்குள் இறங்கினாள். இரண்டாவது படியில் நின்றுவிட்டாள்.

"பயப்படாதம்மா," என்றார் பாஸ்டர்.

"பயம் இல்ல பாஸ்டர். கால்ல இன்னாவோ வந்து இடிக்குது."

பாஸ்டர் குனிந்து பார்த்தார். பச்சை டைல்ஸ் ஓரமாக ஒரு கெண்டைக் குஞ்சு, விரல் அளவுகூட இல்லை, சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. துணி நழுவின அந்த நேரத்தில் கேனுக்குள் வந்திருக்க வேண்டும். பாஸ்டர் நிமிர்ந்து என்னைத் தேடினார். "ஒரு கேன்னு சொல்லிட்டு உங்கப்பா ஏரியவே கொண்ணாந்துட்டாரும்மா." மைக் ஆனில் இருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பாஸ்டர் அவளை முக்கி எடுத்தார். பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆனால் அவள் மேலே ஏறாமல் தண்ணீருக்குள்ளேயே குனிந்து நின்றாள். யாரோ ஒரு எவர்சில்வர் சொம்பை நீட்டினார்கள். அதில் மீனைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தாள், முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க நேராக என்னிடம்.

"அப்பா, பவுடர் போட்ட தண்ணியில இது செத்துடும்ல?"

"ஆமா."

"அப்ப ஏரியில வுட்டுட்டு வந்துடலாம்."

"ஈரத்துணியோடயா?" என்றாள் உன் அம்மா. "மாத்திகினு போயேன்டி."

"அதுக்குள்ள செத்துடும்மா."

உன் அம்மா ஒரு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டாள். பொண்ணு ஈரத்தோடு தெருவில் போவதா என்று இரண்டு சிஸ்டர்கள் துணைக்கு எழுந்தார்கள். அவர்கள் போகிறார்கள் என்று பிள்ளைகள் ஓடின. பிள்ளைகள் பின்னால் அவற்றின் தாய்மார். கடைசியில் பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "நான் மட்டும் இங்க யாருக்குப் பிரசங்கம் பண்றது?" என்று செருப்பை மாட்டினார். முட்டி வலி என்று டைல்ஸ் பிரதர் மட்டும் விருந்துக்குச் செய்த பிரியாணி அண்டாவுக்குக் காவல் இருந்தார்.

கலங்கல் கல்லில் உட்கார்ந்து அக்கா சொம்பைச் சாய்த்தாள். மீன் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றது. பிறகு இல்லை. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்தோம், பார்த்தாயிற்று, ஆனால் யாரும் உடனே திரும்பவில்லை. புங்க மரத்தடியில் ஆங்காங்கே உட்கார்ந்தார்கள். பாஸ்டர் முடிவு ஜெபத்தை அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தார். காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. அப்போது முன்னால் நின்ற என் பழைய லைன் ஆள், இப்போது அவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார், தலைக்கு மேலே கையைத் தூக்கி விரலைக் காட்டினார். ஜெபத்துக்கு அதிகாரம் ஏது? சும்மாதான் காட்டினார். நானும் சும்மாதான் திருப்பிக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பையன்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வந்து இன்னாப்பா பண்ணுவ?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவளும் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் எழுந்து போய்விடுவாளோ என்று பயம். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தண்ணி சத்தம் எப்பலேந்துப்பா வருது? இப்பதான் எனக்குக் கேக்குது," என்றாள்.

அதற்குள் நீ வந்து, "அப்பா அழுவுது," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். இந்தத் தடவை தூக்கம் கெட்டதால் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. வெயில் ஏறியது, ஒருவருக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது, பிரியாணி ஆறிவிடும் என்று யாரோ எழுந்தார்கள். அடுத்த ஞாயிறு எல்லோரும் பழையபடி ஷீட்டுக்குக் கீழேதான். மோட்டாரைச் சரிபண்ணிவிட்டார்கள். மறுபடி கரைக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மீன் கூப்பிட்டதால் போனோம், தினமும் மீன் வராது. நான் ஜன்னலுக்குப் பக்கத்து இடத்தில்தான் உட்காருகிறேன். பனை மரங்கள் தெரிகின்றன. ஏக்கம் குறையவில்லை, இன்னும் கூடித்தான் இருக்கிறது. ஆனால் முன்பு மாதிரி தனியாக ஏங்குவதாகத் தோன்றவில்லை.

போன ஞாயிறு எனக்கு ஓ.டி., ஓவர்டைம் வேலை. சபைக்கே வரவில்லை. மத்தியானம் வரைக்கும் தகடு அடித்துவிட்டு, காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினேன். பக்கத்தில் உன் அக்காவின் செருப்பு கிடந்தது. ஓரமெல்லாம் ஈர மண். நம் தெரு சிமென்ட் ரோடு, சபைத் தெருவும் அப்படித்தான். அந்த மண் எங்கே ஒட்டும் என்று எனக்குத் தெரியும்.

என் ஷூவை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். உள்ளே உன் அம்மா தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள், "வூட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போன்னு சொன்னேன். கேக்கலையே. அப்பன மாதிரியே கீது."